வால் மாறினால் பொருள் மாறும்: ஆங்கில வினைகளோடு ஒட்டும் சிறு சொற்கள், முழுமையான வழிகாட்டி

'லுக்' என்றால் பார். 'ஆஃப்டர்' என்றால் பிறகு. அப்படியானால் 'லுக் ஆஃப்டர்' என்றால் 'பிறகு பார்' என்று கூட்டிப் பொருள் சொல்பவரை எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும் பார்க்கலாம். உண்மையில் அது 'கவனித்துக்கொள்'. 'லுக் ஃபார்' என்றால் தேடு. 'லுக் இன்டு' என்றால் விசாரி. 'லுக் டவுன் ஆன்' என்றால் இளக்காரமாக நினை. வினை ஒன்றேதான், பின்னால் ஒட்டிய வால்தான் வேறு.

ஆங்கில இலக்கணத்தில் இதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். வினையோடு ஒட்டும் சிறு சொல்லை இங்கே 'வால்' என்றே சொல்கிறோம். நர்சிங் முடித்து, வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) அல்லது ஐஇஎல்டிஎஸ் (பொது ஆங்கிலத் தேர்வு) எழுதப் போகிறவர்கள், வளைகுடாவுக்கோ கப்பலுக்கோ போகிறவர்கள், கன்னியாகுமரியில் வெளிநாட்டுப் பயணிகளோடு பேசிப் பிழைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இருந்தால் போதும்.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு. ஆங்கிலச் சொற்கள் எல்லாம் இங்கே தமிழ் எழுத்தில் வரும். நோட்டில் எழுதும்போது ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு எஃப் உள்ள சொல்லை 'ஆஃப்' என்றும், ஒரே எஃப் உள்ள சொல்லை 'அவ்' என்றும் எழுதியிருக்கிறோம். உச்சரிப்பும் அப்படித்தான்: முன்னதில் காற்று ஊதுகிற ஒலி, பின்னதில் 'வ்' ஒலி. இரண்டையும் ஒரே மாதிரி சொல்லும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஆறாம் பகுதியில் இது காலை வாரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை 20 வினைகள், ஒவ்வொன்றும் மூன்று வடிவத்தோடு: கெட், டேக், புட், டர்ன், லுக், கோ, கம், கிவ், பிரிங், கால், பிரேக், கட், ரன், செட், மேக், கீப், ஹோல்ட், பிக், ஹேண்ட், பாஸ். 'டேக், டுக், டேக்கன்' என்று தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

காரணம் இருக்கிறது. காலம் காட்டும் மாற்றம் முழுவதும் வினையின் மேல்தான் விழும், வால் ஒருபோதும் மாறாது. 'ஷி லுக்ஸ் ஆஃப்டர்', 'ஷி லுக்டு ஆஃப்டர்', 'ஷி இஸ் லுக்கிங் ஆஃப்டர்'. வினை வடிவம் கைவசம் இல்லாதவர்கள் 'லுக் ஆஃப்டர்டு' என்று வாலில் காலத்தைக் கட்டிவிடுவார்கள்.

இரண்டாவது, 80 பக்க நோட்டு ஒன்று. மூன்றாவது, கற்போருக்கான ஆங்கில அகராதி. ஆக்ஸ்போர்டு, லாங்மேன், கேம்பிரிட்ஜ் எதுவும் சரி, மூன்றும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம்-தமிழ் அகராதி இந்த வேலைக்கு உதவாது. அது பொருளைச் சொல்லும், வாலைப் பிரிக்கலாமா கூடாதா என்று சொல்லாது. நான்காவது, குரல் பதிவு செய்யும் வசதியுள்ள போன். தினமும் அரை மணி நேரம் கொடுத்தால் ஆறு வாரத்தில் வேலைக்கு ஆகும் அளவு கைக்கு வந்துவிடும்.

வேண்டாத ஒன்றும் உண்டு. '500 ஃப்ரேசல் வெர்ப்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை முதலில் எடுக்காதீர்கள். அவை வினையின் அகர வரிசையில் இருக்கும். கெட் அப், கெட் ஆன், கெட் ஆஃப், கெட் ஓவர், கெட் த்ரூ என்று ஒரே முகம் கொண்ட ஐந்தை ஒரே நாளில் படித்தால் மறுநாள் ஐந்தும் குழம்பும்.

2. தமிழில் இருந்தே தொடங்குங்கள்

இது புது வித்தை இல்லை, நம் வாயில் ஏற்கெனவே இருப்பதுதான். தமிழில் வினையோடு இன்னொரு வினை ஒட்டிப் பொருளைத் திருப்புகிறது. 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு. அந்தக் 'கொள்' செய்கிற வேலையைத்தான் 'லுக்'கோடு சேர்ந்த 'ஆஃப்டர்' செய்கிறது.

விட்டுக்கொடு, கொடுத்துவிடு என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே இரண்டு வினைகள்தான், இடம் மாறியதும் முதலாவது 'கிவ் இன்', இரண்டாவது 'கிவ் அவே'. கைவிடு என்றால் 'கிவ் அப்'. திருப்பிக்கொடு என்றால் 'கிவ் பேக்'. எழுதி வை என்றால் 'ரைட் டவுன்'. தள்ளிப் போடு என்றால் 'புட் ஆஃப்'. கண்டுபிடி என்றால் 'ஃபைண்ட் அவுட்'. நம்மூரில் 'தூரக் களை' என்கிறோமே, அது அச்சு அசலாக 'த்ரோ அவே'.

நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி 15 இணைகளை நீங்களே எழுதுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளமும் பேசுகிறவர்களுக்கு இன்னும் எளிது, அங்கேயும் இதே முறைதான். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், 'வினையும் வாலும் சேர்ந்து ஒரே சொல்' என்ற எண்ணம் படிய வேண்டும் என்பதே. அது படியாமல் அடுத்த படிக்குப் போனால் மறுபடியும் 'பிறகு பார்' கதைதான்.

ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் இப்போதே குறித்து வையுங்கள். 'அணைத்துவிடு' என்பதன் நடுவே விளக்கையோ விசிறியையோ நுழைக்க முடியாது. ஆங்கிலத்தில் முடியும், சில இடத்தில் நுழைத்தே ஆகவேண்டும். தமிழர் தடுக்கி விழும் இடம் அதுதான், நான்காம் பகுதியில் அதற்கு வருவோம்.

3. வாலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

நோட்டில் வினைக்குத் தலைப்புப் போடாதீர்கள், வாலுக்குப் போடுங்கள். ஒவ்வொரு வாலுக்கும் எதிரெதிர் இரண்டு பக்கம். வினைகள் ஆயிரக்கணக்கில், புழங்கும் வால்கள் ஒரு டஜன்தான். வாலுக்கு ஒரு படம் மனதில் நின்றுவிட்டால் புதிதாகக் கேட்கும் கூட்டையும் (வினையும் வாலும் சேர்ந்ததை இனி 'கூட்டு' என்போம்) ஓரளவு ஊகிக்கலாம்.

ஆஃப். ஒட்டியிருந்தது பிரிவது என்பதே படம். சட்டையைக் கழற்றினால் 'டேக் ஆஃப்'. காயத்தின் கட்டு கழன்று வந்தால் 'கம் ஆஃப்'. விடியலில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் 'செட் ஆஃப்'. மின்சாரத் தொடர்பை அறுத்தால் 'ஸ்விட்ச் ஆஃப்'. நாட்காட்டியில் இருந்த நிகழ்ச்சியை அதிலிருந்தே பிரித்தால் 'கால் ஆஃப்', ரத்து. வேறு தேதிக்குத் தள்ளினால் 'புட் ஆஃப்'. மயக்க மருந்தின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போவது 'வேர் ஆஃப்'. 'கால் ஆஃப்', 'புட் ஆஃப்' இரண்டையும் மாற்றிச் சொன்னால் விளைவு பெரிது: ஆபரேஷன் கால் ஆஃப் ஆனால் இல்லவே இல்லை, புட் ஆஃப் ஆனால் இன்னொரு நாள் உண்டு.

இந்தப் பக்கத்தில் ஒரு முரண்டும் உண்டு. 'த அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் நின்றது என்றுதான் தோன்றும். அடித்தது என்பதே பொருள். 'த லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'த மில்க் வென்ட் ஆஃப்' என்றால் பிரிட்டனில் பால் கெட்டுப்போயிற்று. ஒரே கூட்டு, எழுவாய் மாற மாறப் பொருளும் மாறுகிறது. இப்படிப்பட்டவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

அப். மேலே என்பது முதல் படம். தோவாளைச் சந்தையில் ஓணத்துக்கு முன் பிச்சிப்பூ விலை 'கோஸ் அப்', ஓணம் கழிந்தால் 'கம்ஸ் டவுன்'. சத்தமாகப் பேசு என்றால் 'ஸ்பீக் அப்'. இரண்டாவது படம், முழுதாக முடிதல். பாத்திரத்தில் நிரம்பி மேலே வந்துவிட்டது என்று கற்பனை செய்யுங்கள். 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிடு, 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு, 'ட்ரை அப்' என்றால் குளம் வற்றிப்போதல். தமிழில் '-விடு' வருகிற இடத்தில் இந்த 'அப்' பெரும்பாலும் பொருந்தும். மூன்றாவது, கண்முன் தோன்றுதல்: 'டர்ன் அப்', 'ஷோ அப்', வந்து சேர்ந்தான்.

அவுட். வெளியே. உள்ளிருந்தது வெளியே போய்விட்டால் தீர்ந்தது என்று பொருள்: 'ரன் அவுட்', 'செல் அவுட்'. மறைந்திருந்தது வெளியே வந்தால் தெரிந்தது என்று பொருள்: 'ஃபைண்ட் அவுட்', 'வர்க் அவுட்'. பலருக்கு வெளியே நீட்டினால் விநியோகம்: 'ஹேண்ட் அவுட்'. ரப்பர் ஷீட்டை வெயிலில் தொங்கவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது, ஆகவே 'ட்ரை அவுட்'. குளத்துக்கு 'அப்', ஷீட்டுக்கு 'அவுட்' ஏன் என்பதை இந்த இரண்டு படங்களே சொல்லிவிடும்.

'ரன் அவுட்' பற்றி ஒரு எச்சரிக்கை. பொருள் எழுவாயாக இருந்தால் 'த டேப்லெட்ஸ் ரேன் அவுட்'. ஆள் எழுவாயாக இருந்தால் 'வி ரேன் அவுட் அவ் டேப்லெட்ஸ்'. ஆளை வைத்துச் சொல்லிவிட்டு 'அவ்' என்பதை விடுகிறவர்கள் நிறைய.

டவுன். கீழே, குறைவு, நின்றுபோதல், தாளில் இறக்கிவைத்தல். 'ஸ்லோ டவுன்' என்றால் பையப் போ. காற்று அடங்கினால் 'டை டவுன்'. வண்டி பழுதாகி நின்றால் 'பிரேக் டவுன்'. 'டர்ன் டவுன்' இரட்டைப் பொருள்: சத்தத்தைக் குறை, அல்லது கேட்டதை மறு. வேலையை 'டர்ன் டவுன்' செய்தேன் என்றால் வேண்டாம் என்றேன் என்று அர்த்தம்.

ஆன். ஒட்டுதல், பிறகு தொடர்தல். 'புட் ஆன்' என்றால் அணி, 'கேரி ஆன்' என்றால் தொடர்ந்து செய். எதிரே 'கேரி அவுட்' என்று எழுதிவையுங்கள், அது 'செய்து முடி'.

மற்றவற்றுக்கு அரைப் பக்கம் போதும். 'ஓவர்' கைமாறுதலும் மேலோட்டமாகப் பார்த்தலும்: டேக் ஓவர், லுக் ஓவர். 'த்ரூ' நுழைந்து மறுபக்கம் வருதல்: உயிர் பிழைத்தால் 'புல் த்ரூ'. 'பேக்' திரும்ப, 'அவே' தூர. 'இன்' பற்றி ஏழாம் பகுதியில் ஒரு முக்கியமான தவறு வருகிறது.

எல்லாக் கூட்டும் படத்துக்குள் அடங்காது. 'டேக் ஆஃப்டர்' என்றால் அப்பனையோ அம்மையையோ போல இருத்தல், இதற்குப் படம் தேடி அரை நாளைக் கழிக்காதீர்கள். சிவப்பு மையில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டுப் போங்கள்.

4. நடுவில் நுழையலாமா, கூடாதா

எல்லோரும் கடைசியில் படிப்பது, ஆனால் வாயைத் திறந்ததும் முதலில் பிடிபடுவது இதுதான். ஆகவே பொருள் 60 கூட்டுக்குத் தெரிந்ததும் இதற்கு வந்துவிடுங்கள். 300 சேர்த்துவிட்டு வராதீர்கள். தவறான இடத்தில் பழகிய வாக்கியத்தைத் திருத்துவது புதிதாகப் படிப்பதைவிடக் கடினம்.

முதல் வகை, பிரியும் கூட்டு. 'டர்ன் ஆஃப் த ஃபேன்' சரி. 'டர்ன் த ஃபேன் ஆஃப்' என்பதும் சரி. ஆனால் ஃபேனுக்குப் பதில் 'இட்' வந்தால் நடுவே மட்டும்தான்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. இட், தெம், ஹிம், ஹர், மீ, யூ, அஸ் எல்லாவற்றுக்கும் இதே விதி. இதன் காரணம் எளியது. ஆங்கில வாக்கியத்தின் கடைசியில் புதிய செய்திக்கு இடம், அழுத்தமும் அங்கேதான். 'இட்' என்பது ஏற்கெனவே தெரிந்த பொருள், அழுத்தம் தாங்காத குட்டிச் சொல். ஆகவே அதை உள்ளே தள்ளிவிட்டு, அழுத்தம் தாங்கும் 'ஆஃப்' கடைசிக்கு வருகிறது.

இதே காரணம் மறுபக்கமும் வேலை செய்யும். 'கடைசி அறையில் ஜன்னல் பக்கத்தில் ஓடுகிற ஃபேன்' என்று செயப்படுபொருள் நீளமாக இருந்தால் நடுவே வைக்காதீர்கள். கேட்பவர் 'ஆஃப்' வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கும். நீளமானது பின்னால் போகட்டும்.

இரண்டாவது வகை, பிரியாத கூட்டு. 'லுக் ஆஃப்டர் யுவர் மதர்', 'லுக் ஆஃப்டர் ஹர்'. 'லுக் ஹர் ஆஃப்டர்' ஒருபோதும் இல்லை. நோயிலிருந்து மீளும் 'கெட் ஓவர்' இதே வகை: 'ஷி காட் ஓவர் இட்'.

மூன்றாவது வகைக்குச் செயப்படுபொருளே கிடையாது. 'த பஸ் ப்ரோக் டவுன்'. இதில் தவறு செய்ய வழியில்லை, விட்டுவிடலாம்.

எது எந்த வகை என்று எப்படித் தெரியும்? வாலை வைத்து ஓரளவு சொல்லலாம். ஆஃப்டர், ஃபார், இன்டு, அட், வித் என்று முடிந்தால் வினையும் வாலும் மிகப் பெரும்பாலும் ஒட்டியே இருக்கும். அப், டவுன், அவுட், அவே, பேக் என்று முடிந்து செயப்படுபொருளும் இருந்தால் பெரும்பாலும் பிரியும். ஆன், ஆஃப், இன், ஓவர், த்ரூ ஐந்தும் இரண்டு பக்கமும் சாயும். 'டேக் இட் ஆஃப்' என்று பிரியும் அதே 'ஆஃப்', பேருந்திலிருந்து இறங்கும்போது 'கெட் ஆஃப் இட்' என்று பிரியாது. அந்த ஐந்துக்கும் அகராதி பார்க்காமல் நோட்டில் எழுதாதீர்கள்.

அகராதியில் வினையின் பதிவுக்குக் கடைசியில் ஃப்ரேசல் வெர்ப்கள் தனியாக இருக்கும். ஆக்ஸ்போர்டிலும் லாங்மேனிலும் வினைக்கும் வாலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் முனை உள்ள அம்புக்குறி இருந்தால் பிரியும் என்று அர்த்தம். 'சம்திங்' என்ற சொல்லோ அதன் சுருக்கமோ வாலுக்குப் பின்னால் மட்டும் நின்றால் பிரியாது. அந்த அம்புக்குறியை அப்படியே நோட்டில் வரையுங்கள்.

நோட்டில் கூட்டை மட்டும் எழுதாமல் 'இட்' அல்லது 'ஹர்' சேர்த்தே எழுதுவது நல்ல பழக்கம். 'புட் ஆஃப்' என்று எழுதினால் பொருள் மட்டும் நிற்கும். 'புட் இட் ஆஃப்' என்று எழுதினால் இடமும் சேர்ந்து நிற்கும்.

செயப்பாட்டு வாக்கியத்தில் இன்னொரு சறுக்கல். செயப்படுபொருள் முன்னே போய்விட்டதும் வாலை மறந்துவிடுகிறோம். 'த சர்ஜரி வாஸ் புட் ஆஃப்' என்பதில் கடைசி 'ஆஃப்' விழுந்தால் வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

5. இரண்டு வால் உள்ளவை

'புட் அப் வித்' சகித்துக்கொள். 'ரன் அவுட் அவ்' தீர்ந்துபோ. 'கம் டவுன் வித்' காய்ச்சலோ அம்மையோ வந்து படு. 'லுக் ஃபார்வர்ட் டு' ஆவலோடு எதிர்பார். இவை பொதுவாகப் பிரியாது, மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

'லுக் ஃபார்வர்ட் டு' மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியது. 'டு' கண்டதும் 'மீட் யூ' என்று எழுதக் கை போகும். இங்கே 'டு' வாலின் பகுதி, அதன் பின் பெயர்ச்சொல்தான் வரும். ஆகவே 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'. வேலைக்கு விண்ணப்பிக்கும் மின்னஞ்சலின் கடைசி வரியில் அதிகம் காணும் பிழை இது.

6. காதுக்கும் வாய்க்கும்

பிரியும் கூட்டில் அழுத்தம் வாலில்: 'டர்ன் இட் *ஆஃப்*'. பிரியாத கூட்டில் பெரும்பாலும் வினையில்: '*லுக்* ஆஃப்டர் ஹர்'. நமக்கு எல்லாச் சொல்லையும் ஒரே எடையில் சொல்லும் வழக்கம். அப்படிச் சொன்னால் கேட்பவருக்கு வால் காதில் விழாது.

அடுத்தது புணர்ச்சி. மெய்யில் முடிந்து உயிரில் தொடங்கினால் தமிழில் எப்படிச் சேருமோ அப்படியே ஆங்கிலத்திலும் சேரும். 'புட் இட் ஆன்' என்பது 'புட்டிட்டான்' என்றும் 'டேக் இட் ஆஃப்' என்பது 'டேக்கிட்டாஃப்' என்றும் காதில் விழும். தேர்வின் லிசனிங் பகுதியில் இதைப் புதுச் சொல் என்று நினைத்துத் திகைப்பவர்கள் உண்டு. தினமும் ஐந்து கூட்டை இப்படிச் சேர்த்துச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். தன் வாயில் சேராத ஒலி காதுக்கும் பிடிபடுவதில்லை. 'ரன் அவுட் அவ்' என்பது 'ரனவுட்டவ்'. கடைசியில் 'ஆஃப்' என்று ஊதினால் வேறு கூட்டாகக் கேட்கும், தொடக்கத்திலேயே அந்த இரண்டு ஒலியைப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வினையாக இருப்பது பெயராக மாறினால் அழுத்தம் முன்னே ஓடும், எழுத்தும் ஒட்டிக்கொள்ளும். ஷிஃப்ட் முடிந்து நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது 'ஹேண்ட் *ஓவர்*'. அந்த ஒப்படைப்பின் பெயர் '*ஹேண்ட்*ஓவர்'. 'லாக் இன்' வினை என்றால் இரண்டு சொல், பெயர் என்றால் ஒரே சொல்.

7. நம்மூர் ஆங்கிலத்தில் ஊறிப்போன தவறுகள்

இந்தியாவுக்குள் இவை எல்லாருக்கும் புரியும். வெளியே போனதும்தான் சிக்கல்.

'கெட் டவுன் அட் வடசேரி.' தமிழில் இறங்கு என்பதால் 'டவுன்' வந்துவிடுகிறது. பேருந்து, ரயில், விமானம், விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு என்று எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு ஏறுவது 'கெட் ஆன்', இறங்குவது 'கெட் ஆஃப்'. கார், ஆட்டோ, சிறு வள்ளம் என்று உடம்பை மடக்கி நுழைகிறவற்றுக்கு 'கெட் இன்', 'கெட் அவுட் அவ்'. பிரிட்டனில் 'கெட் டவுன்!' என்று கத்தினால் ஆட்கள் குனிந்து தரையோடு படுப்பார்கள்.

'ஐ பாஸ்டு அவுட் இன் 2022.' நர்சிங் முடித்தேன் என்று சொல்ல வருகிறோம். அயர்லாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ நேர்காணல் செய்பவருக்கு அது 'மயங்கி விழுந்தேன்'. 'ஐ கிராஜுவேட்டட் இன் 2022' என்று சொல்லுங்கள். வார்டில் மூன்றையும் பிரித்து வைத்திருப்பது கட்டாயம்: 'பாஸ் அவுட்' மயங்குதல், 'பாஸ் அவே' இறத்தல், 'பாஸ் ஆன்' செய்தியை அடுத்தவரிடம் சொல்லுதல். கடைசியது சில இடங்களில் இறப்புக்கும் மங்கலச் சொல்லாக வரும் என்பதால் 'ஐ வில் பாஸ் இட் ஆன்' என்று 'இட்' சேர்த்தே சொல்லுங்கள்.

'ஆஃப் த லைட்.' லைட்டை ஆஃப் பண்ணு என்பதன் நேர்ப் பெயர்ப்பு. வினையே இல்லாமல் வால் மட்டும் நிற்கிறது. 'டர்ன் ஆஃப் த லைட்'. குழாய்க்கும் அப்படித்தான். 'ஓப்பன் த டேப்', 'க்ளோஸ் த டேப்' என்பதற்குப் பதில் 'டர்ன் ஆன்', 'டர்ன் ஆஃப்'.

'ஃபில் அப் த ஃபார்ம்.' விண்ணப்பத்துக்கு 'ஃபில் இன்', அமெரிக்க வழக்கில் 'ஃபில் அவுட்'. 'ஃபில் அப்' பெட்ரோல் டேங்குக்கு. படத்தை நினைத்தால் மறக்காது: கட்டத்துக்குள் எழுதுகிறோம், ஆகவே 'இன்'. டேங்கில் மேலே ஏறுகிறது, ஆகவே 'அப்'.

'வேர்' என்பதும் 'புட் ஆன்' என்பதும். 'வேர்' அணிந்திருக்கும் நிலை, 'புட் ஆன்' அணிகிற செயல். 'கையுறையைப் போடுங்கள், பிறகு உள்ளே வாருங்கள்' என்று சொல்ல 'புட் ஆன் யுவர் க்ளவ்ஸ்' வேண்டும்.

வால் தேவையே இல்லாத இடத்தில் ஒட்டுவது இன்னொரு கூட்டம். 'டிஸ்கஸ் அபவுட்', 'என்டர் இன்டு த ரூம்', 'ரிட்டர்ன் பேக்', 'கோப் அப் வித்' எல்லாம் வால் வெட்ட வேண்டியவை. கடைசியதில் 'அப்' மட்டும் போனால் போதும், 'கோப் வித்'.

8. உங்கள் வேலைக்கு உரிய முப்பதைப் பொறுக்குங்கள்

நர்ஸ் ஆனால் முதலில் கட்டளைகள். 'சிட் அப்' என்றால் படுத்திருப்பவர் எழுந்து உட்கார வேண்டும், 'சிட் டவுன்' என்றால் நிற்பவர் உட்கார வேண்டும். இரண்டையும் மாற்றினால் நோயாளி குழம்புவார். லை டவுன், லை பேக், டர்ன் ஓவர், ரோல் அப் யுவர் ஸ்லீவ், பிரீத் இன், பிரீத் அவுட். பிறகு நோயாளி வாயிலிருந்து வருபவை: 'த்ரோ அப்' வாந்தி, 'கோ டவுன்' வீக்கமோ காய்ச்சலோ குறைதல், 'க்ளியர் அப்' தடிப்பு மறைதல், 'ஃப்ளேர் அப்' அடங்கிய நோய் மறுபடி கிளம்புதல், 'கம் ரவுண்ட்' மயக்கம் தெளிதல். 'பிரிங் அப்' மூன்று முகம் காட்டும்: சாப்பிட்டதை வாந்தி எடுத்தாள், பிள்ளைகளை வளர்த்தாள், பேச்சை எடுத்தாள். எது என்று செயப்படுபொருள்தான் சொல்லும்.

கடல் தொழில் சார்ந்தவர்களுக்கு: 'செட் அவுட்' கிளம்பு, 'ஹெட் பேக்' கரை திரும்பு, 'லே அப்' படகைக் கட்டிப் போடு. கிழக்குக் கரையில் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் 'ஆர் லெய்ட் அப்'. மேற்குக் கரையில் குளச்சல் பக்கம் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 'த சர்ச் வாஸ் கால்டு ஆஃப்' என்று செய்தியில் வந்தால் தேடும் பணியைக் கைவிட்டார்கள் என்று பொருள்.

லாட்ஜ், டாக்சி வேலைக்கு: செக் இன், செக் அவுட், பிக் அப், டிராப் ஆஃப், செட் ஆஃப். பயணியிடம் 'ஐ வில் பிக் அப் யூ' என்று சொல்லாதீர்கள். நான்காம் பகுதி நினைவிருந்தால் ஏன் என்று தெரியும்.

9. எழுதும்போது எங்கே விலக்குவது

பேச்சில் இயல்பாக ஒலிக்கும் கூட்டு, கடிதத்தில் சட்டைக்குப் பட்டன் போடாமல் வந்ததுபோல் இருக்கும். ஓஇடி எழுத்துத் தேர்வு 45 நிமிடம், அதில் முதல் 5 நிமிடம் குறிப்புகளை வாசிக்க. நர்ஸ்களுக்கு அங்கே கேட்பது பெரும்பாலும் பரிந்துரைக் கடிதம். அதில் 'த்ரோ அப்' என்பதற்கு 'வாமிட்', 'கோ அப்' என்பதற்கு 'இன்க்ரீஸ்', 'புட் ஆஃப்' என்பதற்கு 'போஸ்ட்போன்', 'கெட் ஓவர்' என்பதற்கு 'ரிகவர் ஃப்ரம்' எழுதுங்கள். 'கேரி அவுட்', 'ஃபாலோ அப்' இரண்டும் முறையான எழுத்திலும் தடையில்லை.

பேச்சுத் தேர்வில் நிலைமை தலைகீழ். ஓஇடியில் நோயாளியாக நடிப்பவரோடு இரண்டு ரோல் பிளே, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நிமிடம். அங்கே 'இன்ஹேல்', 'எக்ஸ்ஹேல்' என்று சாமானிய நோயாளியிடம் சொன்னால் எடுபடாது. 'பிரீத் இன்', 'பிரீத் அவுட்' தான். 11 முதல் 14 நிமிடம் நடக்கும் ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்விலும் நாலைந்து கூட்டு சரியான இடத்தில் வந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். வேண்டுமென்றே இருபது திணித்தால் மனப்பாடம் என்று உடனே தெரிந்துவிடும்.

10. அரை மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

முதல் 10 நிமிடம் புதிதாக மூன்று கூட்டு மட்டும். ஒவ்வொன்றையும் வாலின் பக்கத்தில் 'இட்' சேர்த்து எழுதுங்கள், அம்புக்குறி உண்டா என்று அகராதியில் பாருங்கள், நேற்று உங்கள் வீட்டிலோ வேலையிலோ உண்மையாக நடந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் அமையுங்கள். அகராதி வாக்கியத்தைக் காப்பி எடுத்தால் நிற்காது.

அடுத்த 10 நிமிடம் பழையவை. பக்கத்தை மடித்து ஆங்கிலத்தை மறைத்துவிட்டு, தமிழ்ப் பொருளைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு நொடிக்குள் வராததற்கு ஒரு புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் அதை மறுபடி புதிய பாடமாக எடுங்கள்.

கடைசி 10 நிமிடம் போனில் பதிவு. மூன்று நிமிடம் பேசினால் போதும். திரும்பக் கேட்கும்போது மூன்று கேள்வி: காலம் வினையில் விழுந்ததா, 'இட்' நடுவில் வந்ததா, வால் காதில் விழுந்ததா. பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டு வாரம் இரண்டாவது கேள்விதான் தோற்கும்.

ஞாயிற்றுக்கிழமை புதியது எதுவும் வேண்டாம். அன்று சிவப்பு மையில் எழுதியவற்றை மட்டும் வாசியுங்கள். நேருக்கு நேர் பேச்சில் தெரியாத கூட்டு வந்தால் தலையாட்டிவிட்டு நகராதீர்கள். 'டூ யூ மீன் போஸ்ட்போன்ட் ஆர் கேன்சல்ட்?' என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். பதில் கிடைத்ததும் அந்தக் கூட்டை அன்றே அதன் வாலின் பக்கத்தில் ஏற்றிவிடுங்கள்.